பதினேழாம் எண் படகு

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் பிருந்தாவின் ஃப்ளாட்டுக்கு எதிரே, ரோட்டைக் கடந்தால் மொபிசுலின் மளிகைக்கடை. கடையோரத்தில் ஒரு டீ அடுப்பும் உண்டு. கல்யாணசுந்தரம் குளிர்காலத்தில் சென்னையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டால், காலை நடை முடிந்து அங்கே சர்க்கரை தூக்கலான ஒரு கரக் டீ குடிக்காமல் மாடி ஏற மாட்டார். மருமகன் ஸ்ரீகாந்த் சர்க்கரையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டார்.

அன்று டிசம்பர் பதினாறு. கடைக்குள் நுழைந்தபோது கல்லாவுக்கு மேலே பச்சைத் துணியில் சிவப்பு வட்டம் போட்ட கொடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எங்க நாட்டுக்கு வெற்றி நாள், சாச்சா," என்றார் மொபிசுல். வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கத்துக்காரர். இருவரும் பேசிக்கொள்வது இந்தியில்தான். கல்யாணசுந்தரம் அதைக் கடற்படையில் கற்றார், மொபிசுல் ஷார்ஜாவில்.

"தெரியும். எழுபத்தொண்ணுல நான் உங்க கரைக்குப் பக்கத்துலதான் இருந்தேன். கடல்ல."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "நேவியா?"

"ஆமா. ஒரு சின்ன டார்பிடோ படகு."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. மொபிசுல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், குபூஸ் ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு போனார்கள். நடுநடுவே கல்யாணசுந்தரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் படகுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பதினேழு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு டார்பிடோ குழாய், முன்னால் ஒரு பீரங்கி, நடுவில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் அறை. அந்த அறைக்குள்தான் பத்தொன்பது வயது கல்யாணசுந்தரம் ரேடியோப் பெட்டியோடு குந்தியிருந்தார். கரையோரத்தில் ஓடுவதற்கென்று செய்த படகை ஒரு பெரிய கப்பல் கயிறு கட்டி வங்காள விரிகுடாவுக்கு இழுத்து வந்திருந்தது. வழியெல்லாம் எல்லாருக்கும் வாந்தி. உலை வைத்தால் பானை கவிழ்ந்தது. பிஸ்கட்டும் டீயுமாகத்தான் பிழைப்பு ஓடியது.

வாந்தி எடுக்காத ஒரே ஆள் பீரங்கிக்காரர் கார்மேகம். சாயல்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணசுந்தரத்துக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. படகில் தமிழ் பேச அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். "கடலப் பாக்காத தம்பி, என் மூஞ்சியப் பாரு. அது ஆடாது," என்பார் கார்மேகம். பார்த்தால் உண்மையிலேயே வயிறு கொஞ்சம் அடங்கும்.

பெரிய கப்பல்கள் நுழைய முடியாத ஆழமில்லாத தண்ணீரில் பதினேழுக்கு வேலை கொடுத்தார்கள். கால்வாய் வாய்களைக் காவல் காக்க வேண்டும், போகிற வருகிற நாட்டுப் படகுகளை நிறுத்திச் சோதிக்க வேண்டும். நிறுத்திய படகுகளில் பாதி, வீடு வாசலை விட்டு ஓடி வந்த குடும்பங்கள். கேப்டன் பெல்லியப்பா குடகுக்காரர். சோதனை போடச் சொல்லிவிட்டு, கூடவே பிஸ்கட் டின்னையும் எடுத்துக் கொடுக்கச் சொல்வார். "நம்ம டார்பிடோ செலவாகுதோ இல்லையோ, பிஸ்கட் தீர்ந்துடும்போல," என்று அவரே சிரிப்பார்.

டார்பிடோவும் செலவானது. ஒருநாள் விடிந்து பனி விலகாத நேரத்தில், பீரங்கிகள் பொருத்திய எதிரிச் சரக்குக் கப்பல் ஒன்று கால்வாயிலிருந்து நழுவி வெளியே வந்தது. பெல்லியப்பா படகை நேராக அதன்மேல் விட்டார். முதல் டார்பிடோ சேற்றில் குத்தி வீணானது. கப்பலிலிருந்து வந்த குண்டு ஒன்று ரேடியோக் கம்பத்தை அறுத்துக்கொண்டு போனது. காதில் மாட்டியிருந்த கருவியில் சத்தம் சட்டென்று செத்துப்போனதுதான் கல்யாணசுந்தரத்துக்குத் தெரிந்தது. படகு இன்னும் கிட்டே போனது. இரண்டாவது டார்பிடோ கப்பலின் நடுவில் பட்டது.

"கத்திக் கொண்டாடுவோம்னு நெனச்சிருந்தேன்," என்றார் கல்யாணசுந்தரம். "ஒருத்தரும் கத்தல. கப்பல் சாயுறத வாயத் தொறந்து பாத்துட்டே நின்னோம்."

தண்ணீர் முழுக்க எண்ணெயும் ஆட்களும். தாக்கியவுடன் திரும்பிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு என யாரோ நினைவுபடுத்தினார்கள். "ரேடியோ போயிடுச்சு. எனக்கு எந்த உத்தரவும் கேக்கல. அவங்களை ஏத்துங்க," என்றார் பெல்லியப்பா. தளம் தாங்கும் மட்டும் ஏற்றினார்கள். அதில் ஒரு பையன், கல்யாணசுந்தரத்தைவிடச் சின்னவன். உடம்பெல்லாம் கரிய எண்ணெய், பல் கிட்டிப்போய் நடுக்கம். பெயர் சாகிர் என்றான். ஊர் பாகிஸ்தானின் மக்ரான் கரையில் பஸ்னி. அப்பாவுக்கு மீன்பிடி வேலை. கார்மேகம் தன் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, "தம்பி, அந்த டீயக் கொஞ்சம் குடு," என்று கை நீட்டினார். கல்யாணசுந்தரம் கொண்டுபோய்க் கொடுத்தார். பீரங்கியின் அடியில் இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பையன் டம்ளரைப் பிடிக்க முடியாமல் தவிக்க, கார்மேகம் குடிப்பாட்டினார்.

கடைசியாகப் பார்த்தது அதுதான். திரும்பும் வழியில் படகின் முன்பகுதி ஒரு கண்ணிவெடியில் மோதியது. பின்பக்கம் நின்றிருந்த கல்யாணசுந்தரமும் மற்றவர்களும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார்கள். முன்பாதி இருந்த இடம் தெரியவில்லை. மத்தியானம் இன்னொரு படகு வந்து, உயிரோடு மிதந்தவர்களை அள்ளிக்கொண்டது. பெல்லியப்பாவுக்குத் தோள் முறிந்திருந்தது. இருந்தும் தேடுங்கள், தேடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணிவெடிகள் மிதக்கும் தண்ணீரில் எவ்வளவு நேரம்தான் தேட முடியும்? கார்மேகம் கிடைக்கவில்லை.

மொபிசுல் கேட்டார்: "அவருக்குக் குடும்பம்?"

இருந்தது. போர் முடிந்து முதல் லீவில் கல்யாணசுந்தரம் சாயல்குடிக்குப் பஸ் ஏறினார். கார்மேகத்தின் மனைவி பூவாயி அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. உண்டான விஷயம் கணவனுக்குத் தெரிவதற்குள் போர் வந்துவிட்டது. கல்யாணசுந்தரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் பூவாயி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவுக போனத நீங்க கண்ணால பாத்தீகளா?"

"இல்ல, அண்ணி."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். காணவில்லை என்று வந்த அரசாங்கக் காகிதம் பிறகு இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று மாறி வந்தபோதும் அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஊர் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டது. பிறந்த பையன் ஐயப்பன் வளர்ந்து, கொத்து வேலைக்குப் போய், அப்படியே துபாய்க்கும் வந்துவிட்டான். இப்போது ஐம்பதைத் தாண்டிய ஆள். சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன், அஜ்மானில் கேம்ப். கல்யாணசுந்தரம் ஷார்ஜா வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு சாப்பிடாமல் ஊர் திரும்பியதில்லை.

"பொய் சொல்லியிருக்கலாமோன்னு சில சமயம் தோணும், மொபிசுல். கண்ணால பாத்தேன்னு. அந்தம்மா அழுது தீர்த்துட்டு வேற வாழ்க்கை பாத்திருக்கும்."

மொபிசுல் அடுப்பை அணைத்தார்.

"சாச்சா, எங்க ஊர் ஒரு தீவு, மகேஷ்காளித் தீவுக்கு வடக்கே. எங்க பாராவுல, எங்க குடியிருப்புல, தென்னைமரத்தடியில ஜஹாஜி கபர்னு சொல்வாங்க. கப்பல்காரங்க கல்லறை. சின்ன வயசுலேர்ந்து அந்த வழியாத்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். சண்டை நடந்தப்போ கடல்லேர்ந்து வந்தவங்கன்னு மட்டும் தெரியும். எங்க அத்தை ஜுலேகா பீவிதான் நேர்ல பாத்தவங்க. இருங்க."

அங்கேயே நின்று போன் போட்டார். திரையில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி வந்தார். கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, கையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டார். கேள்வியைக் கேட்டதும் அங்கேயே திண்டு மாதிரி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். அவர் சிட்டகாங் பேச்சில் சொல்லச் சொல்ல மொபிசுல் இந்தியில் சொன்னார்.

அப்போது அவர் தீவில் கடலோரத்து வீடு ஒன்றுக்குப் புதிதாக வந்த மருமகள், சிறு பெண். அலை ஒதுக்கிய ஒரு பலகையில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவர் மேல்சட்டை இல்லாதவர். இன்னொருவனைப் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைவிட்டுப் பிடித்திருந்தார். பிடிபட்டவன் சின்னப் பையன், சட்டை போட்டிருந்தான், அவனுக்கு உடம்பில் உயிர் இல்லை. பிடித்தவருக்கு உயிர் இருந்தது. கையைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

"அவர் கையில ஏதாவது அடையாளம் இருந்ததான்னு கேளு," என்றார் கல்யாணசுந்தரம்.

ஜுலேகா பீவி யோசிக்கவே இல்லை. வலது முன்கையில் பச்சைக் குறி. காம்போடு ஒரு வெற்றிலை மாதிரி.

கார்மேகம் திருச்செந்தூர்த் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்ட வேல் அது. பீரங்கியைத் திருப்பும்போது அந்த வேலும் சேர்ந்து திரும்புவதைக் கல்யாணசுந்தரம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் உயிரோடு இருந்தார், என்றார் ஜுலேகா பீவி. உள்ளே அடி, வெளியே காயம் அவ்வளவாக இல்லை. வைத்தியர் வர வழியில்லாத காலம். மாமியார் சொகினா பக்கத்திலிருந்து நகரவில்லை. இளநீர் கொடுத்தால் குடித்தார். அவர் பேசிய பேச்சு யாருக்கும் புரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. புவா, புவா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"எங்க பாஷையில புவான்னா மகன், சாச்சா," என்றார் மொபிசுல். "வீட்டுல இருக்கிற பையனைத் தேடியிருக்கார்."

கல்யாணசுந்தரத்துக்கு அது பொருந்தவில்லை. கார்மேகத்துக்கு அப்போது மகன் பிறந்திருக்கவில்லை. அவருக்கு வங்காளமும் தெரியாது. ஆனால் அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் கல்யாணசுந்தரம் இல்லை. போருக்குப் பிறகு சொகினாவின் கணவர் நகரத்துக்குப் போய், பார்த்த அதிகாரி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னாராம். விசாரிக்கிறோம் என்றார்களாம். யாரும் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது பிருந்தா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஐயப்பன் அண்ணாகிட்ட சொல்லுங்கப்பா. அந்தம்மாகிட்ட வேண்டாம்," என்றாள். "எழுபது வயசுக்கு மேல ஆச்சு. அவங்க பாட்டுக்கு இருக்காங்க. இப்போ போய் எதுக்கு?"

"பட் தாத்தா, அவங்க ஹஸ்பண்ட்தானே. ஷீ ஷுட் நோ," என்றாள் பேத்தி சுஷ்மிதா, சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல்.

"நீ சாப்பிடு," என்றாள் பிருந்தா.

ஞாயிற்றுக்கிழமை ஐயப்பனை அஜ்மானில் அவன் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் பார்த்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னார். ஐயப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். எழுந்துபோய்க் கை கழுவினான். ஏற்கெனவே கழுவிய கைதான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டு நாளு உசுரோட இருந்தாகளா, சித்தப்பா?"

"ஆமாப்பா."

"தனியாக் கெடக்கலையில்ல?"

"இல்ல. அந்த வீட்டம்மா பக்கத்துலயே இருந்திருக்கு."

ஐயப்பன் தலையாட்டினான். மேசை துடைக்க வந்த பையனிடம் "பாயி, தோடா பாத் மே," கொஞ்சம் கழித்து வா என்று கைகாட்டினான். போட்டோவில் மட்டுமே பார்த்த அப்பா. அந்தப் போட்டோவில் இருபத்தைந்து வயது. தன்னைவிட இளையவராக இருக்கும் அப்பாவுக்காக அழுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை போலும். கண்ணைக் கசக்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

"அம்மாட்ட சொல்லணும், சித்தப்பா. ஆனா நாஞ் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நீங்கதான வந்து சொன்னீக. ஒங்க வாயில வந்தாத்தான் அது நம்பும்."

"பிருந்தா வேண்டாங்கிறா."

"அவுக நல்ல மனசுல சொல்றாக. ஆனா அம்மா பொட்டு வச்சிருக்கிறது காத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இல்ல. அது எப்பவோ விட்டுருச்சு. எங்க கெடக்காகன்னு தெரியாமத்தான் அதுக்கு ஒறக்கம் வராது. மழை பேஞ்சா எந்திரிச்சு ஒக்காந்துரும். நான் பாத்திருக்கேன்."

அடுத்த ஞாயிறு காலை மொபிசுலின் கடையிலேயே பேசுவதாக முடிவானது. ஜுலேகா பீவியும் இருந்தால் நல்லது என்று ஐயப்பன் சொன்னான். மொபிசுல் கடையை ஒரு பங்காளியிடம் விட்டுவிட்டு, அரிசி மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் மூன்று பேருக்கும் இடம் பண்ணினார்.

பூவாயி முதலில் திரையில் நெற்றியை மட்டும் காட்டினாள். "போனக் கொஞ்சம் கீழ எறக்குமா," என்றான் ஐயப்பன். நெற்றியில் அதே வட்டப் பொட்டு. கல்யாணசுந்தரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பேத்தி எப்படி இருக்கிறாள், முட்டிவலி தேவலையா என்று விசாரித்தாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு சொன்னார்.

பூவாயி குறுக்கே பேசவில்லை. பலகை, பையன், வேல், இளநீர். வேல் என்றபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்தம்மா கூட நான் பேசணுமே," என்றாள்.

மொபிசுல் தன் போனில் அத்தையைக் கூப்பிட்டு, இரண்டு போன்களையும் எதிரெதிராக ஒரு பிஸ்கட் பெட்டியின்மேல் சாய்த்து வைத்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜுலேகா பீவி கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பூவாயி கும்பிட்டாள். பூவாயி தமிழில் கேட்பாள், கல்யாணசுந்தரம் இந்தியில் சொல்வார், மொபிசுல் சிட்டகாங் பேச்சுக்கு மாற்றுவார். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

"வலியில கத்துனாகளா?"

"முதல் நாள் முனகினார். மறுநாள் அமைதியா இருந்தார். மாமியார் மடியில தலை வச்சுப் படுத்திருந்தார்."

"ஒங்க மாமியா பேரு என்ன?"

"சொகினா."

பூவாயி அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஜுலேகா பீவி ஏதோ தயங்கித் தயங்கிப் பேசினார். மொபிசுல் அதை மொழிபெயர்ப்பதற்கும் தயங்கினார். "குளிப்பாட்டும்போதே அவர் எங்க வழி இல்லேன்னு தெரிஞ்சுபோச்சாம். பக்கத்துல இருந்த இந்துக் குடும்பமெல்லாம் அப்போ ஊரை விட்டுப் போயிருந்தாங்க. கேக்க ஆள் இல்ல. நமக்குத் தெரிஞ்ச பிரார்த்தனையைத்தான் நாம சொல்ல முடியும்னு மாமியார் சொல்லி, எங்க முறையில அடக்கம் பண்ணினாங்களாம். அதுக்கு உங்க மனசு நொந்தா மன்னிக்கணும்னு கேக்கறாங்க."

கல்யாணசுந்தரம் சொன்னதைக் கேட்டுப் பூவாயி, "ஆழமாத் தோண்டுனாகளா? நாய் நரி அண்டாம?" என்று கேட்டாள்.

"ஆழமாத்தான். புயல் வந்து பாதித் தீவு போனப்பவும் அந்த மேடு அசையல."

"அது போதும். வேற என்ன வேணும்."

பிறகு கல்யாணசுந்தரம் விட்டுப்போன ஒன்றைச் சொன்னார். "மகன், மகன்னு கூப்பிட்டாராம் அண்ணி. அவங்க பாஷையில மகனுக்குப் புவான்னு பேராம். புவா, புவான்னு..."

பூவாயி அவரை முடிக்க விடவில்லை.

"அது மகன் இல்ல தம்பி. என்னையத்தான். பூவான்னுதான் கூப்பிடுவாக. வேற யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல."

மொபிசுலுக்குத் தமிழ் தெரியாது. என்ன என்பதுபோல் பார்த்தார். கல்யாணசுந்தரம் சொன்னார். மொபிசுல் அத்தையிடம் சொன்னபோது, அந்த அம்மாள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பூவாயி அழவில்லை. முகத்தில் வெட்கம்போல ஒன்று வந்து போனது. வீட்டுக்குள் மட்டும் புழங்கிய ஒரு பெயரை எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்பதால் இருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து ஐயப்பன் மெதுவாக, "அம்மா, பொட்டு..." என்று ஆரம்பித்தான்.

"இருந்துட்டுப் போகுதுடா. இம்புட்டு வருசம் கழிச்சு இத எடுத்து யாருக்குக் காட்டப் போறேன்?"

பிப்ரவரியில் அந்தத் தீவுக்குப் போவதாகப் பேச்சு. பிருந்தா அப்பாவின் இதயத்தைக் காரணம் காட்டினாள். எதிர்பாராமல் ஸ்ரீகாந்த்தான் மாமனார் பக்கம் நின்று, விசா வேலையைப் பார்த்து, ஷார்ஜாவிலிருந்து சிட்டகாங்குக்கு டிக்கெட்டும் போட்டார். மொபிசுல் லீவு எடுத்துக்கொண்டார். ஐயப்பன் கம்பெனியில் கேட்டபோது, இது என்ன லீவு என்று எழுதுவதெனத் தெரியாமல் மேனேஜர் திணறினாராம். கடைசியில், "அப்பா சாவு," என்று ஐயப்பனே சொன்னான். சரி, கலாஸ், போய்ட்டு வா என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

என்ன கொண்டுபோக வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டான். "அவுகளுக்கு ஒண்ணும் வேணாம். அந்தம்மாவுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துட்டுப் போ," என்றாள் பூவாயி.

விமானம் முழுக்க மொபிசுல் மாதிரி லீவில் ஊர் போகும் ஆட்கள். போர்வைகளும் டிவியும் மாவு டின்களுமாக மூட்டை. அங்கே இறங்கிப் பஸ், பிறகு படகு. படகில் ஏறியதும் கல்யாணசுந்தரத்துக்கு வயிற்றைப் புரட்டியது. ஐயப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். கடலைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தென்னைமரத்தடியில் சுண்ணாம்பு அடித்த செங்கல் வரிசைக்குள் இரண்டு மேடுகள். இவர்கள் வருகிறார்கள் என்று பாராவே கூடியிருந்தது. ஜுலேகா பீவி வலது பக்க மேட்டைக் காட்டினார். ஐயப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். பள்ளிவாசல்காரர் ஒருவர் கையேந்திப் பிரார்த்தித்தார். அது முடிந்ததும் ஐயப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தான். எழுந்திருக்க வெகுநேரமானது. ஜுலேகா பீவி சேலைத் தலைப்பால் அவன் நெற்றி மண்ணைத் துடைத்துவிட்டார். ஒரு குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தார், அவனும் நின்றான்.

கல்யாணசுந்தரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பேச நினைத்தது நிறைய இருந்தது. கடைசியில், "அண்ணே, பெல்லியப்பா சார் கடைசிவரைக்கும் தேடச் சொன்னார்," என்று மட்டும் சொன்னார். அது கார்மேகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

ஐயப்பன் போனில் அம்மாவைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினான். பூவாயி நன்றாகப் பார்த்தாள். மரத்தைக் காட்டச் சொன்னாள், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"பக்கத்துல இருக்கிறது அந்தப் பையனா?"

"ஆமாம்மா. அப்பா பிடிச்சுக்கிட்டு வந்த பையன்."

"அவன் வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

ஐயப்பன் கல்யாணசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணசுந்தரம் மொபிசுலைப் பார்த்தார். இத்தனை நாளில் யாருக்கும் அது தோன்றவில்லை.

"அவனுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பால்ல," என்றாள் பூவாயி. "அவ இருக்காளோ இல்லையோ. கூடப் பொறந்தது, மாமன் மச்சான் யாராச்சும் இருப்பாக. எங்க கெடக்கான்னு அவுகளுக்குத் தெரிய வேணாமா?"

ஷார்ஜா திரும்பியதும் கல்யாணசுந்தரம் அதே வேலையாக இருந்தார். துபாயின் தேரா துறையில் மரக்கப்பல்களில் டயரும் ஃபிரிட்ஜும் ஏற்றும் ஆட்களில் மக்ரான் கரைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் போய் பஸ்னி ஊர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். பதினேழு மூழ்கடித்த கப்பலைப் பற்றிச் சொல்லும்போது முதலில் தயங்கினார். பிறகு மறைக்காமல் சொன்னார். ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். இன்னொருவர் தேநீர் வரவழைத்து, பெயர், காலம், அப்பாவுக்கு மீன்பிடி வேலை என்பதையெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார். பஸ்னியில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர், ஆனாலும் அடுத்த பயணத்தில் விசாரிக்கிறேன் என்று ஐயப்பனின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மார்ச்சில் கல்யாணசுந்தரம் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். ஐயப்பன் தேடுவதை விடவில்லை. லீவு நாளில் பஸ் பிடித்து தேராவுக்குப் போய்விடுகிறான். டாக்ஸியில் ஏறினால், டிரைவரிடம் நீங்கள் எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் பூவாயி கேட்பது அந்தப் பையன் வீட்டைப் பற்றித்தான்.

"இன்னும் இல்லம்மா," என்கிறான் ஐயப்பன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."